பொட்டலுக்காக யார் பேசுவது?

அல்லிக்குளத்தின் கிழக்குக் கரையில் ஈச்சம்புதர்கள் அடர்ந்து கிடந்தன. அங்கே சாம்பி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. புதருக்குப் பக்கத்திலேயே ஒரு பொட்டல். அதில் தித்தி என்ற ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. பொட்டலைத் தாண்டினால் ஓடை.

அந்தக் கோடையில் குளம் பாதிக்கு மேல் வற்றியது. இடத்துக்காக விலங்குகள் முட்டி மோதிக்கொண்டன. ஒரு மான் மிதிபட்டுச் செத்தது. கோடைதோறும் மலையிலிருந்து தண்ணீருக்கு இறங்கி வரும் பெரிய பெண் யானை அந்த மானின் உடலைப் பார்த்து நெடுநேரம் நின்றது. பிறகு எல்லோரையும் அழைத்தது.

"கரையில் யார் எங்கே குடியிருக்கலாம், எங்கே தோண்டலாம் என்று விதி செய்வோம். நானாகச் செய்தால் தப்பாகப் போகும். மழைக்காலத்தில் இந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அமாவாசைக்கு மறுநாள் காலையில் நாவல் மரத்தடிக்கு வாருங்கள். அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்" என்றது.

காட்டுப்பன்றிகளுக்குப் பொட்டல்மேல் வெகுநாளாகவே ஒரு கண். அதைத் தோண்டிச் சேற்றுக்குழி ஆக்கவேண்டும் என்று அவை ஆசைப்பட்டன. பன்றிகள் கிளறும் மண்ணில் நண்டும் எலியும் அகப்படும் என்பதால், நரி அவற்றுக்காக ஓடியாடி வேலை பார்த்தது.

விஷயம் தித்தியின் காதுக்கு வந்தது. அது நேராகச் சாம்பியிடம் போனது.

"அக்கா, பொட்டலைப் பன்றிகளுக்குக் கேட்கப்போகிறார்களாம். தோண்டிய மண்ணை ஓடைப்பக்கம் குவித்து வரப்புப் போடுவார்களாம். மழையில் குளம் நிரம்பினால் தண்ணீர் பொட்டல் வழியாகத்தானே ஓடைக்குப் போகிறது? வழியை அடைத்துவிட்டால் உங்கள் புதருக்குள்தான் ஏறும்."

சாம்பிக்கு அது தெரியும். மூன்று மழைக்காலம் அந்தத் தண்ணீர் போவதைப் பார்த்திருக்கிறது.

"வருகிறேன், தித்தி. நானும் சொல்கிறேன்" என்றது.

மறுநாள் நரி வந்தது. புதருக்கு வெளியே மரியாதையாக உட்கார்ந்துகொண்டது.

"தங்கச்சி, உன் புதரைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று பன்றிகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீ நிம்மதியாக இரு. ஆனால் கூட்டத்தில் யாராவது எதையாவது கிளறினால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று சொல்லமுடியாது. புதரும் பேச்சில் அடிபடலாம். பிள்ளைகுட்டிக்காரி நீ. யோசித்து நடந்துகொள்."

நரி போனபின் சாம்பி குட்டிகளை நக்கிக் கொடுத்தபடி யோசித்தது. மழை இந்த வருஷம் குறைவாகவே பெய்யலாம். பன்றிகள் வரப்பைச் சின்னதாகவும் போடலாம். எப்படியும் தித்தி சொல்லத்தான் போகிறது. இரண்டு பேர் எதற்கு?

கூட்டம் கூடியது. கீரி வரவில்லை; அதற்கு வேட்டை இருந்தது. தவளைகள் தங்களை யார் கேட்பார்கள் என்று குளத்திலேயே இருந்துவிட்டன. வந்தவர்களில் பாதிப்பேர் மரநிழலில் தூங்கினார்கள். பன்றிகள் மட்டும் ஒன்று விடாமல் வந்திருந்தன.

தித்தி எழுந்து தண்ணீர் போகும் வழியைச் சொன்னது. பயத்தில் அதன் குரல் கீச்சிட்டது.

நரி சிரித்தது. "பெரியம்மா, இது தன் நாலு முட்டைக்காகச் சொல்கிற கதை. பொட்டலில் ஒரு புல்கூட இல்லை. சும்மா கிடக்கும் இடம்."

யானை எல்லோரையும் பார்த்தது. "தித்தி சொல்வதை வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா? இன்னும் ஒருவர் சொன்னால் போதும். நானே நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வேன்."

தித்தி சாம்பியைப் பார்த்தது. நரியும் பார்த்தது. சாம்பி வாயைத் திறந்தது. புதரின் நினைவு வந்தது. மூடிக்கொண்டது.

யானை மறுபடியும் கேட்டது. யாரும் பேசவில்லை. பொட்டல் பன்றிகளுக்கு என்று விதியானது.

அன்று மாலையே பன்றிகள் இறங்கின. தித்தி அவற்றின் தலைக்குமேல் கத்திக்கொண்டே சுற்றியது. ஒரு பன்றி முட்டைகளின்மேல் நடந்து போனது. அதற்கு அது தெரியவும் இல்லை. அடுத்த நாளும் தித்தி அந்த இடத்தைச் சுற்றியது. அதற்குப் பிறகு அல்லிக்குளத்தில் அதை யாரும் பார்க்கவில்லை. யானையும் தன் கூட்டத்தோடு மலைக்குத் திரும்பியது.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. குளம் நிரம்பி வழிந்தது. பொட்டலில் பாய்ந்த தண்ணீர் வரப்பில் மோதித் திரும்பிப் புதருக்குள் ஏறியது. சாம்பி நனைந்தபடி பன்றிகளிடம் ஓடியது.

"வரப்பை ஒரு இடத்தில் மட்டும் உடைத்துவிடுங்கள். என் குட்டிகள் உள்ளே இருக்கின்றன."

"உடைத்தால் எங்கள் சேறு ஓடிவிடும். விதிப்படிதான் போட்டிருக்கிறோம். அன்றைக்கு நீயும் அங்கேதானே உட்கார்ந்திருந்தாய்?" என்றது பெரிய பன்றி. அதன் குரலில் கோபமே இல்லை.

சாம்பி நகத்தால் வரப்பைப் பறித்துப் பார்த்தது. ஊறி இறுகிய களிமண் அசையவில்லை. திரும்ப ஓடி, ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு நீந்தியது. அதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது ஈச்சம்புதரின் நுனி மட்டும் தெரிந்தது. மற்ற இரண்டையும் எடுக்க உள்ளே போக வழியில்லை.

அடுத்த கோடையில் யானை வந்தது. அழுகிய புதரையும் சாம்பியையும் பார்த்தது.

"தண்ணீர் போகும் வழி உனக்குத் தெரியாதா?"

"தெரியும், பெரியம்மா."

"பிறகு ஏன் சொல்லவில்லை? நான் கேட்டேனே."

"என் புதர் தப்பினால் போதும் என்று இருந்துவிட்டேன்."

யானை பொட்டலை நோக்கித் திரும்பியது. போய் வரப்பைக் காலால் மிதித்து உடைத்தது. பின் மறுபடியும் கூட்டம் கூட்டியது. இம்முறை பன்றிகள் மேற்குக் கரையைக் கேட்டன. அங்கே ஆமைகள் மணலில் முட்டையிடும். சாம்பிக்கு அங்கே புதரும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் முதல் ஆளாக எழுந்து நின்றது.

"அதைக் கொடுக்கக்கூடாது. வாருங்கள், ஏன் என்று காட்டுகிறேன்" என்றது.

யானை அதன் பின்னால் நடந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த கீரியும் எழுந்து கூடவே போனது. ஆமைகளின் மணல் தப்பியது. சாம்பியின் இரண்டு குட்டிகள் திரும்பி வரவில்லை.

பொதுவான இடத்துக்கு விதி செய்யும்போது தன் பங்கு தப்பினால் போதுமென்று வாயை மூடிக்கொள்பவர், அந்த விதி தன் வாசலுக்கு வரும்போது எவ்வளவு கதறினாலும் கேட்க ஆளிருக்காது.