கேனில் விழுந்த பல்லி

மதுரையிலிருந்து தார் பாலைவனத்தைச் சுற்றிப் பார்க்கப் போன கூட்டத்துக்குப் பேச்சியம்மாள்தான் சமையல்காரி. மூன்றாம் நாள் வேன் மணலில் புதைந்துபோனது. உதவி தேடிப் போன வழிகாட்டி, பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. மிஞ்சியது ஒரே ஒரு கேன் தண்ணீர். அதைக் கூட்டத்தோடு வந்திருந்த மில் முதலாளி தணிகாசலம் மடியில் இறுக்கிக்கொண்டார். அவர் கூட்டி வந்த தடியர்கள் இருவர் காவல் நின்றார்கள்.

"நான் செத்தா எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் தெரியுமா? யாரும் கிட்ட வராதீங்க" என்றார்.

உதடு வெடித்த பெண்கள் முனகினார்கள். ஒரு கிழவர் மயங்கிச் சரிந்தார். பேச்சியம்மாள் எழுந்தாள். முதலாளி கிட்டே போனாள்.

"முதலாளி, காலையில அந்தக் கேன்ல பல்லி விழுந்துச்சு. பயந்துபோய்ச் சொல்லாம இருந்துட்டேன்."

தணிகாசலம் கேனைத் தள்ளிவிட்டார். "எனக்கு வேண்டாம். இவங்களுக்கு ஊத்து. என்ன ஆகுதுன்னு பாப்போம்."

எல்லோரும் கேனை விட்டு விலகினார்கள். பேச்சியம்மாள் முதலில் தானே ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள். பிறகு கிழவர் வாயில் ஊற்றினாள். எல்லோருக்கும் கொடுத்து முடித்து, கடைசி டம்ளரை முதலாளியிடம் நீட்டினாள். அவர் மிரண்டு பின்வாங்கினார்.

"பல்லி?"

"பல்லியெல்லாம் விழல. கேன் மேல விழுந்தது உங்க கைதான் முதலாளி. நீங்களே எடுத்துட்டீங்க. இப்ப நல்ல தண்ணி, குடிங்க."

அவர் தலை குனிந்து குடித்துக்கொண்டிருந்தபோது, தூரத்தில் ஒட்டக மணி கேட்டது.