மண்டபத்தின் பின்சுவர்

சடையப்பனுக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். அன்று விடிந்ததிலிருந்தே சிவந்துதான் கிடந்தது. மடத்து வாசலில் வெள்ளைத் துணியை விரித்துப்போட்டு, 'செங்காலாற்றைக் கொன்றவர்களே, பதில் சொல்லுங்கள்' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

வேலையில் இருந்தவரை அந்த ஊருக்கு அவர்தான் வி.ஏ.ஓ. ஓய்வு பெற்றபின் மடத்துத் தலைவி நாச்சியாரம்மாவுக்குச் சீடர். அம்மாவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு.

அம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு ஊர்வலம்மா. மணல் அள்ளுறவன் வீட்டு வாசல்ல போய் உட்காரப் போறோம். நீங்க முன்னால நடக்கணும்."

"நடக்கிறேன்."

சடையப்பன் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அவனை நிறுத்திட்டா ஆறு திரும்பி வந்துருமாம்மா?"

"நேத்து மழை கொட்டுச்சே. அந்தத் தண்ணி எங்க போச்சுய்யா?"

"ஆத்துக்குத்தான்."

"பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அம்மா செருப்பைக்கூடப் போடாமல் நடந்தார். இவர் பின்னாலேயே போனார்.

மடத்துக்குப் பின்னால் மலைச்சரிவு. மழைத்தண்ணீர் இறங்கிய தடம் ஈரமாக, தெளிவாகத் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்கள். தடம் நேராக வந்து தியான மண்டபத்தின் பின்சுவரில் முட்டியது. சுவரை ஒட்டி இடுப்பளவுக்குச் சருகும் சுள்ளியும் ஆட்டுப் புழுக்கையும் ஒதுங்கிக் கிடந்தன. மண்டபத்துக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ஆறு. காய்ந்த மணல்.

தடம் அங்கிருந்து இடது பக்கம் திரும்பி, காலனிக்குள் போயிருந்தது.

முதல் வீட்டில் பேச்சி சேற்றை வழித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே தொட்டில், கூரையை ஒட்டித் தொங்கியது.

"என்னம்மா, தொட்டிலை இம்புட்டு உசரத்துல கட்டியிருக்க?" என்றார் சடையப்பன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாருக்குத் தெரியாதாக்கும்."

"தெரியாதும்மா."

"உங்க மண்டபம் வந்ததுல இருந்து மழைன்னா தண்ணி எங்க வீட்டுக்குத்தான் வருது. மூத்தவளுக்கு முழங்கால் உசரத்துல கட்டினேன். இவனுக்கு என் தலைக்கு மேல. நேத்து தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறி, தொங்குற தொட்டில் துணியைத் தொட்டுருச்சு. இதுக்கு மேல தூக்கிக் கட்டினா எனக்கே எட்டாது. பிள்ளை அழுதா ஏணி போட்டா எடுக்க?"

"மனு குடுத்திருக்கலாமே."

"குடுத்தேனே. உங்ககிட்டதான். 'அங்க ஓடையே இல்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்புனீங்க."

சேறு அவர் வேட்டியில் தெறிக்கும்படி வழித்தாள். அவர் நகரவில்லை.

திரும்பும் வழியில் அவர்தான் வாயைத் திறந்தார். "மண்டபம் கட்டுறதுக்கு முன்னால பதினோரு வருஷம் அந்த ஓடையில பொட்டுத் தண்ணி வரலம்மா. சும்மா பள்ளம்னு நெனச்சேன். மடத்துக்கு இடம் கேட்டாங்க. சாமி காரியம்தானேன்னு, ஓடை இல்லைன்னு எழுதிக் குடுத்தேன்."

"சாமி கேட்டுச்சா?"

சடையப்பன் வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார்.

"நான்தான் கேட்டேன்" என்றார் அம்மா. "பள்ளம் எதுக்கு இருக்குன்னு நானும் கேக்கல. அந்தச் சுவருக்குள்ள உக்காந்துதான் உங்களுக்கெல்லாம் உபதேசம் பண்ணினேன்."

மண்டபத்து மூலையில், போன மாதம் மரம் நடு விழாவுக்கு வாங்கிய கடப்பாரை சாத்தியிருந்தது. அம்மா அதைத் தூக்கி வந்து பின்சுவரில் ஓங்கிக் குத்தினார். காரை பெயர்ந்து விழுந்தது. மறுபடி குத்தினார்.

"அம்மா, ஊர்வலம்..."

"நாளைக்குத்தானே. இன்னைக்கு மானம் இருட்டிக்கிட்டு வருது."

சடையப்பன் மலையைப் பார்த்தார். அதற்கு மேலே வானம் கருத்துக்கொண்டுதான் வந்தது.

"அறுபது பேரு தியானம் பண்ற இடம்மா. அவங்கெல்லாம் எங்க போய் உக்காருவாங்க?"

அம்மா கடப்பாரையை அவர் கையில் கொடுத்தார்.

"இத்தனை வருஷமா ஆத்து மேலதான்யா உக்காந்திருந்தாங்க. முதல்ல எந்திரிக்கச் சொல்லுங்க."