தென்கரைக் காட்டின் பிடி வாத்தியார்

ஆற்றின் தென்கரையில் இருந்த காட்டில் எல்லாருக்கும் சடுகுடுப் பைத்தியம். ஆட்டம் நடக்கும் நாளில் இரை தேடக்கூட யாரும் போகமாட்டார்கள்.

அந்தக் காட்டு அணியில், பாடிப் போய் எதிரியைத் தொட்டுவிட்டு ஓடிவர நல்ல ஆட்கள் இருந்தார்கள். ஆனால் எதிரணியிலிருந்து பாடி வருகிறவரை மடக்கிப் பிடிக்கத்தான் யாருக்கும் வரவில்லை. பிடி வாத்தியாராக இருந்த கரடியும் மலைக்காட்டு அணிக்குப் போய்விட்டது.

கோடை தொடங்கும்போது அந்த மலைக்காட்டோடுதான் போட்டி. வெல்லும் காடு கோடை முழுவதும் பாறைச்சுனையில் முதலில் தண்ணீர் குடிக்கும். தோற்ற காட்டுக்கு அடியில் கலங்கி நிற்கும் மிச்சம்தான். இரண்டு வருடமாகத் தென்கரைக்குக் கலங்கல்தான் கிடைத்தது. போன வருடம் குட்டிகளுக்கெல்லாம் வயிற்றுக் கடுப்பு.

அதனால் புது வாத்தியார் யார் என்று புங்கமரத்தடியில் தினமும் வாக்குவாதம் நடந்தது. அங்கே காட்டுச்சேவலின் குரல்தான் பெரிய குரல். ஓர் ஆட்டத்தையும் அது தவறவிட்டதில்லை. தான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அதற்கு நம்பிக்கை.

"உடும்பைக் கூப்பிடுங்கள். அது பிடித்தால் யானைகூட உதற முடியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றது சேவல்.

"வடகரைக் காட்டு அணிக்குப் பிடி சொல்லிக்கொடுக்கும் எறும்புதின்னி அழுங்கைக் கூப்பிடலாம், சேவலண்ணா" என்றது கௌதாரி. கௌதாரி அதிகம் பேசாது. ஆனால் ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்க்கும்.

சேவலுக்குச் சிரிப்பு வந்தது. "வடகரை அணி போன வருடம் கடைசி இடம். தெரியுமல்லவா?"

"தெரியும். பாடிப் போக அவர்களிடம் ஆளில்லை, தோற்றார்கள். ஆனால் எந்த ஆட்டத்திலாவது பத்துப் புள்ளிக்கு மேல் விட்டார்களா? அந்த அணியில் இருந்ததெல்லாம் தவளையும் எலியும்தான் அண்ணா."

"தவளைக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் நமக்கு எதற்கு?" என்றது சேவல். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

அணித்தலைவர் காட்டுப்பன்றி இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது. "இரண்டு பேரையும் வரச்சொல்வோம். நம் முயலுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்களோ அவர்தான் வாத்தியார்" என்றது. அணியில் முயல்தான் பலவீனமான ஆள்.

முதலில் உடும்பு வந்தது. காட்டுப்பன்றியின் பின்னங்காலைப் பிடித்தது. பன்றி புரண்டது, உதறியது, மண்ணைக் கிளறியது. பிடி விடவில்லை. சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு கூவியது.

"பார்த்தாயா? இப்படி நகத்தை ஊன்றிப் பிடி" என்றது உடும்பு முயலிடம்.

முயல் தன் பஞ்சுப் பாதத்தைத் தூக்கிக் காட்டியது. "எனக்கு இவ்வளவுதான் நகம், ஐயா."

உடும்பு அந்தப் பாதத்தைப் புரட்டிப் பார்த்தது. "அப்படியானால் ஆளை மாற்றுங்கள்" என்றது.

"எங்களிடம் இருப்பது இவர்கள்தான்" என்றது காட்டுப்பன்றி.

அடுத்து அழுங்கு வந்தது. கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டதும் கூச்சத்தில் பந்தாகச் சுருண்டுகொண்டது. சேவல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சத்தம் அடங்கிய பிறகுதான் அழுங்கு தலையை நீட்டியது. முயலை நாலு தடவை ஓடச்சொல்லிப் பார்த்தது.

"நீ பிடிக்கவே வேண்டாம், தம்பி. உன் வேலை ஓடுவதுதான். வருகிறவர் திரும்பும் நேரத்தில் அவருக்கும் கோட்டுக்கும் நடுவே போய் நின்றுவிடு. ஒரு நொடி தடுமாறினால் போதும், மற்றதை உங்கள் அணிக் கீரியும் பன்றியும் பார்த்துக்கொள்வார்கள்."

இவ்வளவுதானா என்று நினைத்தது சேவல். ஆனால் அன்றைக்கே அணியின் புள்ளிமான் மூன்று முறை பாடி வந்து மூன்று முறையும் மாட்டிக்கொண்டது. அழுங்கை வாத்தியாராக்கினார்கள். சேவலுக்கு மனம் ஒப்பவில்லை. "நம் மான் விட்டுக்கொடுத்திருக்கும்" என்று ஒரு மாதம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

போட்டி நாள் வந்தது. ஆட்டம் இழுபறியாகப் போனது. கடைசிப் பாட்டு மிச்சம். தென்கரை ஒரே ஒரு புள்ளி முன்னால். மலைக்காட்டு அணியின் வரையாடு பாடி வரவேண்டும். யாரையாவது தொட்டுத் திரும்பினால் ஆட்டம் சமன். சமன் ஆனால் போன வருடம் வென்றவர்களுக்கே சுனை.

வரையாட்டின் காதில் கரடி ஏதோ சொல்லி அனுப்பியது. அதைப் பார்த்த அழுங்கு தன் ஆட்களிடம் மெதுவாகப் பேசியது. வேலியோரம் நின்ற சேவலுக்கு அது நன்றாகக் கேட்டது.

"கரடிக்கு நம் அணி முழுவதும் தெரியும். முயல்தான் ஓட்டை என்று சொல்லியிருக்கும். வரட்டும். எந்தப் பக்கம் வரப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் நமக்குப் பாதி வேலை மிச்சம். கீரி, நீ முயலுக்குப் பின்னால் போய் நில்."

வரையாடு "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டு நேரே முயலிடம் வந்தது. தொட்டது. திரும்பியது. அதற்குள் முயல் சுற்றி ஓடிக் கோட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தது. வரையாட்டின் கால் ஒரு கணம் தயங்கியது. கீரி அந்தக் காலைப் பிடித்தது. காட்டுப்பன்றி மேலே விழுந்தது. வரையாட்டின் பாட்டு அங்கேயே நின்றுபோனது.

தென்கரை முழுவதும் குதித்தது. சேவல் மட்டும் கூவ மறந்து அழுங்கையே பார்த்துக்கொண்டிருந்தது. அழுங்கோ முயலின் பாதத்தில் குத்தியிருந்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தது.

"கௌதாரி, நான் ஆளைத் தப்பாக எடைபோட்டுவிட்டேன்" என்றது சேவல்.

மறுநாள் எல்லாரும் தெளிந்த சுனைநீரைக் குடித்துவிட்டுப் புங்கமரத்தடிக்கு வந்தார்கள். முயல் எங்கே நின்றது, கீரி எங்கே நின்றது என்று சேவல் காலால் மண்ணில் கோடு கிழித்து விளக்கிக்கொண்டிருந்தது. யாராவது குறுக்கே பேசினால் கோட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது.

நீதி: ஒருவர் எத்தனை வென்றார் என்று மட்டும் பார்க்காதே, தன்னிடம் இருந்தவர்களை வைத்து என்ன செய்தார் என்று பார்.