குண்டு மானிட்டரும் அருமைநாயகமும்

தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர்கள் பலர் உண்டு. ரிப்பேர் பார்க்கும் நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசும் நேரம் அதிகமாக உள்ளவர் அருமைநாயகம் ஒருவர்தான். கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தால் போதும், வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

அன்றைக்கு அதைக் கேட்கிற பொறுமை ஜெசிந்தாவுக்கு இல்லை. அவளுடைய ஃபிளக்ஸ் கடை வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பேச்சிமுத்து. தங்கச்சி மகளுக்குச் சடங்கு. மச்சான் வீட்டுப் போர்டு காலையிலேயே பந்தலில் ஏறிவிட்டது. தாய்மாமன் போர்டு சாயங்காலத்துக்குள் வராவிட்டால் எந்த மூஞ்சியோடு சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவது என்று அவருக்குக் கவலை. அப்படி ஆகிவிட்டால் அந்தப் பக்கத்துச் சனம் இனி தன் கடைப் படியேறாது என்று இவளுக்குக் கவலை.

சிக்கல் இதுதான். கம்ப்யூட்டர் புதுசு, அன்று காலையில் அருமைநாயகமே பொருத்திக் கொண்டுவந்தது. திரைக்குப் படம் அனுப்புகிற வீடியோ கார்டும் புதுசு. மானிட்டர் மட்டும் பழைய குண்டு மானிட்டர். அதை ஜெசிந்தா விடமாட்டாள். அதில் தெரிகிற சிவப்புதான் அவள் பிரிண்டரில் சிவப்பாக விழும். வேறு மானிட்டரை நம்பி அடித்தால் ஆளின் முகம் கத்தரிக்காய் நிறத்தில் வரும். புதுக் கார்டிலோ மானிட்டர் வயரின் நீல முனையைச் சொருக இடமே இல்லை. நடுவில் ஒரு சின்ன அடாப்டரை மாட்டினார் அருமைநாயகம். முனை கச்சிதமாக உட்கார்ந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"இதெல்லாம் ஒரு வேலையா தங்கச்சி?" என்று ஆரம்பித்தார். "ஒரு நாள் மத்தியானம், ஹார்பர்ல ஒரு கப்பல். அதுல இருந்த மானிட்டரு கேப்டனுக்கே மூத்தது. கார்டு நேத்துப் பொறந்தது. ரெண்டும் ஒட்டாதுன்னு எஞ்சினியரு அத்தனை பேரும் கைய விரிச்சிட்டாங்க. நான் போயி ஒரு சேஃப்டி பின்னை வளச்சு நடுவுல விட்டேன். படம் வந்துது பாருங்க, அந்த வெளிச்சத்தப் பாத்துட்டுக் கலங்கரை விளக்கத்துக்காரரு லைட்ட அணைச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு."

"பட்டப்பகல்லயா லைட்டு எரிச்சாரு?" என்றார் பேச்சிமுத்து.

"மழ மூட்டம் அண்ணாச்சி. குறுக்கப் பேசாதீங்க."

அடாப்டரைக் கழற்றி ஊதி மறுபடி மாட்டினார். திரை அசையவில்லை. கதை அசைந்தது.

"உப்பளத்து ஆபீஸ்ல நடந்தது இதைவிடப் பெருசு. கார்டு அனுப்புற படம் பெருசு, மானிட்டரு வாயி சிறுசு. கொள்ளல. படம் வயரு வழியா ஒழுக ஆரம்பிச்சிட்டு. தரை பூரா கலரு! வாளி வச்சுப் பிடிச்சேன். பச்சை ஒரு வாளி, சிவப்பு ஒரு வாளி. மிச்சம் வாய்க்கால்ல ஓடி உப்பளத்துக்குள்ள எறங்கிட்டு. அந்த வருசம் வெளஞ்ச உப்ப ஒரு சிட்டிகை ரசத்துல போட்டா, ரசத்துல படம் ஓடும்."

"என்ன படம்?" பேச்சிமுத்து தன்னை மறந்து கேட்டுவிட்டார்.

"குடிக்கிற ஆளப் பொறுத்தது. பிள்ளைகளுக்குப் பொம்மைப் படம். உங்களுக்குன்னா சண்டைப் படம்."

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு முட்டியது. சிரித்தால் இன்னொரு கதை வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அண்ணாச்சி, இப்பப் பிரிண்டு போட்டாத்தான் சாயங்காலத்துக்குள்ள மை காயும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

"அவசரமா? அவசரத்துக்குன்னே ஒண்ணு மாட்டியிருக்கேன். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டுடியோ. மானிட்டரு படு பழசு, கார்டு படு புதுசு. நான் இழுத்துக் கட்டுன கட்டுல ரெண்டும் காலத்துல முட்டிக்கிட்டு. இன்னைக்கு அடிச்சா நேத்தே ஸ்கிரீன்ல வருது! கல்யாணத்துக்கு மொத நாளே ஆல்பம் ரெடி. எந்தப் பந்தியில பாயசம் தீருதுன்னு ஆல்பத்துல பாத்துட்டு, மாப்பிள்ளை அதுக்கு முந்துன பந்தியிலயே உக்காந்துட்டாரு."

"அப்ப இவரு போர்டையும் நேத்தே முடிச்சுக் குடுத்திருக்கலாமே?" என்றாள் ஜெசிந்தா.

"குடுத்திருப்பேன் தங்கச்சி. நீங்க நேத்துக் கேக்கலையே."

பேச்சிமுத்து எழுந்துவிட்டார். "போதும் வே! உம்ம நம்பரக் குடும். தாய்மாமன் போர்டு எங்கன்னு சடங்கு வீட்டுல கேக்குறவனுக்கெல்லாம் நீரே பதில் சொல்லும்."

கேட்டுவிட்டு அவரே கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்தார். தான் பொருத்துகிற ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் தன் சிரித்த முகமும் நம்பரும் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினால்தான் அருமைநாயகத்துக்குத் திருப்தி. பேச்சிமுத்து கோபத்தில் அதை அப்படியே உரித்தார். உரித்த இடத்தில் ஒரு நீல ஓட்டை இருந்தது. கார்டு இல்லாமலே படம் அனுப்ப, பெட்டியோடு கூடவே வந்தது. மானிட்டர் முனைக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"கார்டைக் கழட்டுங்க அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. அருமைநாயகம் கழற்றினார். முனையை அவளே நேராகச் சொருகினாள். குண்டு மானிட்டர் ஒருமுறை கனைத்தது. தயாராக வைத்திருந்த போர்டை அவள் திறந்ததும், மீசையும் சந்தனப் பொட்டுமாகத் திரை நிறையப் பேச்சிமுத்து வந்து நின்றார், அசல் மனுச நிறத்தில். ஜெசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யாரையும் பார்க்காமல் பிரிண்ட் கொடுத்தாள்.

அருமைநாயகம் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தீங்களா! அந்த ஓட்டைக்குள்ள ஒரு பொட்டுத் தூசி போகாமக் காத்தது யாரு? என் ஸ்டிக்கரு! ராக்கெட்டு விடுற இடத்துல இருந்தே ஆள் அனுப்பிக் கேட்டாங்க, தரமாட்டேன்னுட்டேன்."

பேச்சிமுத்து பிரிண்டரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த தன் மீசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா, மை காயுற வரைக்கும் இந்த ஆளைக் கிட்ட விட்டுராத" என்றார். "என் மூஞ்சி மேல அவரு மூஞ்சிய ஒட்டிருவாரு."