வெள்ளச்சி தின்னாத ஈசல்

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஆத்தங்கரையில ஒரு மருத மரம். அந்த மரத்துல நாலே நாலு மீன்கொத்தி குடியிருந்துச்சு. ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

ம்.

பேருதான் மீன்கொத்தி. மீனைத் திரும்பிக்கூடப் பாக்காது. வெட்டுக்கிளியும் ஓணான் குஞ்சும்தான் அதுங்களுக்குச் சாப்பாடு. நாலு பேரு யாரு யாருன்னு கேட்டுக்கோ. செம்மூக்கன் ஒருத்தன். அவன் தம்பி குட்டையன். தங்கச்சி சிலுப்பி. நாலாவது, செம்மூக்கன் கட்டிக்கிட்டு வந்த வெள்ளச்சி. நெஞ்சு பூரா பளிச்சுன்னு வெள்ளையா இருக்கும்.

அப்போ வெள்ளச்சிக்கு முட்டையிடுற நேரம் வந்துச்சு. இந்தப் பறவைங்க குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. தூரத்துல இருந்து வேகமாப் பறந்து வந்து, மூக்காலேயே இடிச்சு இடிச்சுப் பொந்து பண்ணும். வெள்ளச்சி முதல்ல ஆத்தங்கரை மண்ணுல இடிச்சா. சரசரன்னு சரிஞ்சு போச்சு. அப்புறம் ஒரு பட்டுப்போன பனையில இடிச்சா. காத்தடிச்சு, பனையே தடால்னு சாஞ்சுது. மூணாவதா, மருத மரத்துக் கிளைக்கவட்டுல பானை மாதிரி ஒரு கரையான் புத்து இருந்துச்சு. அதுல போய் இடிச்சா. டொக்கு! டொக்கு!

மத்த மூணு பேரும் கிளையில உக்காந்து வேடிக்கை பாத்தாங்க.

"அண்ணி, மெதுவா இடிங்க. தூசி என் கண்ணுல விழுது"ன்னா சிலுப்பி.

"நீ கண்ணை மூடிக்கோ தாயி. உங்க வீட்டுல எல்லாருக்கும் அது நல்லா வரும்"னா வெள்ளச்சி.

அப்போ புத்துக்குள்ள இருந்து கரையான் ராணி கேட்டுச்சு, "யாரு எங்க வீட்டை ஓட்டை போடுறது?"

"நான்தாங்க, புள்ளைத்தாய்ச்சி. ஒரு மூலை குடுங்க."

ராணி யோசிச்சுது. "ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா அடைக்கிறது எங்க வேலை. உனக்காக இந்த ஒண்ணை மட்டும் விட்டுவைக்கிறோம். பதிலுக்கு, மழை பெஞ்சதும் எங்க புள்ளைங்க றெக்கை முளைச்சு ஈசலாப் பறக்கும். அன்னைக்கு உங்க நாலு வாயும் மூடியிருக்கணும். ஒரு வாய் திறந்தாலும் பேச்சு முறிஞ்சுது."

"சரி"ன்னா வெள்ளச்சி. "சரி சரி"ன்னான் செம்மூக்கன். குட்டையனும் சிலுப்பியும் தலையை ஆட்டினாங்க. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்புறம் முட்டை பொரிஞ்சு மூணு குஞ்சு வந்துச்சு. கண்ணுகூடத் திறக்கலை. கீச்சு கீச்சுன்னு பசி, பசி. அப்போ பாத்து ஒரு சாயங்காலம் சோன்னு மழை கொட்டி விட்டுச்சு. புத்துல இருந்து ஈசல் பொலபொலன்னு கிளம்புது. மூக்கை நீட்டினா வாய்க்குள்ள வந்து விழும்.

குட்டையன் பாத்தான். "ஒண்ணே ஒண்ணு"ன்னு லபக்குன்னு முழுங்கினான்.

சிலுப்பி பாத்தா. "அவன் தின்னாச்சு, பேச்சு முறிஞ்சுது. இனிமே நான் தின்னா என்ன?" லபக்கு, லபக்கு.

செம்மூக்கன் இங்க பாத்தான், அங்க பாத்தான். லபக்கு, லபக்கு, லபக்கு. ஒரு ஈசலைக் கொண்டாந்து வெள்ளச்சி மூக்குகிட்ட நீட்டினான். "தின்னு புள்ள. குஞ்சுக்கும் குடு. இவ்வளவு ஈசல்ல ராணிக்கு என்ன தெரியப்போவுது?"

"வாக்கு குடுத்துட்டுத்தானே உள்ள போனோம்? என் புள்ளைங்க அந்த வீட்டுக்குள்ளதாங்க இருக்கு. நான் வெட்டுக்கிளி தேடிக்கிட்டு வரேன். நீங்க பொந்தைப் பாத்துக்கோங்க."

"போ, போ. நான் இருக்கேன்ல"ன்னான்.

மழை பெஞ்ச ஈரத்துல வெட்டுக்கிளி ஏது? வயக்காடு தாண்டி, கருவேலங்காடு தாண்டிப் போனா. அதுக்குள்ள இருட்டிப்போச்சு. இருட்டுல அவளால பறக்க முடியாது. மழை திரும்பப் பிடிச்சுக்கிச்சு, ஒரு முள்ளுக்கிளையில நனைஞ்சுக்கிட்டே விடிய விடிய உக்காந்திருந்தா.

இங்க மூணு பேருக்கும் வயிறு முட்ட ஈசல். பொந்துக்குப் பக்கத்துக் கிளையில கொர்ருன்னு தூக்கம். கரையானுங்க வந்துச்சு. கத்தலை, கடிக்கலை. ஈர மண்ணைக் கொண்டாந்து, ஓட்டைய அடைக்கிற வேலையைச் செஞ்சுச்சு.

விடிஞ்சுது. வெள்ளச்சி ஒரு வெட்டுக்கிளியைக் கவ்விக்கிட்டு வந்தா. புத்து இருக்கு, பொந்தைக் காணோம்.

வெட்டுக்கிளி கீழ விழுந்துச்சு. டொக்கு! மண்ணு கல்லாட்டம் இறுகிப்போச்சு. டொக்கு! மூக்கு நுனி உடைஞ்சுது. மூணாவது தடவை டொக்குன்னு இடிச்சதும் பொந்து திறந்துச்சு. உள்ள ரெண்டு குஞ்சு அசையலை. ஒண்ணு மட்டும் வாயைத் திறந்துச்சு.

"யாரு தின்னது?"ன்னு கேட்டா வெள்ளச்சி.

குட்டையன் வானத்தைப் பாத்தான். செம்மூக்கன் காலைப் பாத்தான். அவன் மூக்குல ஒரு ஈசல் றெக்கை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

சிலுப்பி சொன்னா, "விடுங்க அண்ணி. அடுத்த மழைக்கு வேற முட்டை போட்டுக்கலாம்."

வெள்ளச்சி திரும்பிப் பொந்துகிட்ட போனா. அந்த ஒரு குஞ்சுக்கு றெக்கை முளைக்கிற வரைக்கும் பொந்து வாசலை விட்டு நகராம, மூக்குக்கு எட்டுற பூச்சி புழுவா ஊட்டினா. முளைச்ச அன்னைக்கு அதைக் கூட்டிக்கிட்டுப் பறந்து போயிட்டா. அதான் மீன்கொத்தி இப்பவும் கரண்டுக் கம்பியில தனியாத்தான் உக்காந்திருக்கும். கிக்கிக்கிக்கின்னு கத்தும் பாரு, சிரிக்குதுன்னு சொல்லுவாங்க. சிரிப்பு இல்ல கண்ணு. யாரு தின்னது, யாரு தின்னதுன்னு கேக்குது.

தின்னவங்களுக்கு என்ன ஆச்சு?

ஒண்ணும் ஆகலை. அதே மருத மரத்துல நல்லாத்தான் இருந்தாங்க. ஒவ்வொரு மழைக்கும் ஈசல் வந்துச்சு, தின்னாங்க.

ம்.

கதை கம்பியை விட்டுப் பறந்துபோச்சு. நீ போர்வையை இழுத்துக்கோ, கண்ணை மூடு.