காரியக்காரன் கேட்டுச் சாப்பிட்ட பரங்கிக்காய்

பெலாரஸ் நாட்டுக் கிராமம் அது. பெண் கேட்டு வருகிறவனைப் பிடிக்கவில்லையென்றால் அங்கே பெண் வாயே திறக்க வேண்டாம். ஒரு பரங்கிக்காயைக் கொடுத்துவிட்டால் போதும், சம்பந்தம் முறிந்தது.

பண்ணைக் காரியக்காரன் கசிமிருக்குத் தன் சமையல்காரி உலியானாவைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கோ அவன் மீசையைக் கண்டாலே குமட்டும். அது தெரிந்த கசிமிர், ஊரிலிருந்த பரங்கிக்காய்களையெல்லாம் பிடுங்கி வந்து தன் நிலவறையில் போட்டுப் பூட்டினான்.

"இனி எதைக் கொடுப்பாள், பார்ப்போம்!"

பெண் கேட்கிற நாளன்று ஊரையே வீட்டுக்கு அழைத்தான். விருந்து தடபுடலாக இருக்க வேண்டும் என்று உலியானாவை விரட்டினான்.

"வெண்ணெயெல்லாம் நிலவறையில் இருக்கே, ஐயா" என்றாள் அவள் பணிவாக.

யோசிக்காமல் சாவியைத் தூக்கி எறிந்தான்.

பந்தியில் முதல் கிண்ணம் அவனுக்குத்தான். பொன்னிறத்தில், வெண்ணெய் மிதக்கும் தினைக் கஞ்சி. வழித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கிண்ணத்தை நீட்டினான்.

"அடடா, என்ன இனிப்பு! இன்னும் கொஞ்சம் போடு. இதில் என்ன சேர்த்தாய்?"

"பரங்கிக்காய்தான், ஐயா. நானே என் கையால் கொடுத்தேன். ஊரே சாட்சி."

பந்தி முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பெண் பேச வந்த தரகர் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"பரங்கிக்காய் வாங்கித் திரும்பினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், கசிமிர். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!"