கணப்படுப்புக் கல்லின் ஓரம்

கொடைக்கானல் பங்களா ஒன்றில் வீட்டு வேலை செய்த ஒச்சம்மாளுக்கு நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் ஞாயிறு விடுமுறையைப் பிடுங்கினார்கள். அடுத்து, வேலை முடிந்தபின் கணப்படுப்பு எரியும் கூடத்தில் நிற்கக் கூடாது என்றார்கள். அதற்கடுத்து, மழை மாதத்தில் கூடத்தின் புதிய லேமினேட் பலகைத் தரை கணப்படுப்புக்கு முன்னால் கூடாரம்போல் எழும்பியதும், ஈரத்துணி போட்டுக் கெடுத்தவள் அவள்தான் என்றார்கள். துடைப்பம் பிடித்த கை அருகில் இருக்கும்போது வேறு கையை யாரும் தேடுவதில்லை. கடைசியாக, பதினெட்டு வருடம் அவள் படுத்திருந்த பின்கட்டு அறையை மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

தரையைச் சரிசெய்ய, அதைப் போட்டுக் கொடுத்த ரெஜினா மேஸ்திரியே வந்தார். கூடவே அவரிடம் தொழில் கற்கும் சவரிராயன். சவரிராயன் மேஸ்திரியைவிடப் பதினோரு வயது மூத்தவர். முன்பு வேலை பார்த்த மில் மூடும்வரை அதன் வாசலில் நின்று தொழிலாளர் சங்கத்துக்காகப் பேசியவர்.

"அநியாயத்தப் பாத்தீங்களா மேஸ்திரி? இந்த முதலாளிய விடக் கூடாது. நோட்டீஸ் அடிச்சு ஒட்டணும்."

ரெஜினா குனிந்து எழும்பிய பலகைகளைத் தடவினார்.

"தண்ணி பட்டா என்னாகும்?"

"பலகையோட விளிம்பு உப்பும்."

"உப்பியிருக்கா?"

சவரிராயனும் தடவிப் பார்த்தார். "இல்லையே! அப்போ அந்தம்மா தப்பே பண்ணல. கடைக்காரன் மட்டமான பலகையத் தள்ளிவிட்டுட்டான்."

"கல்லு ஓரத்த முடிச்சது யாரு? அன்னைக்கு நான் வத்தலக்குண்டு போயிருந்தேன்."

"நான்தான். நூல் நுழையாது. மறுநாள் முதலாளியே தடவிப் பாத்து அசந்துட்டாராம்."

"ஒரு விரல் இடம் விடச் சொன்னேனே."

"விட்டா பொக்கை வாய் மாதிரி இளிக்கும் மேஸ்திரி. நம்ம வேலையப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது."

"அதுக்குத்தானே மேல மூட பீடிங் கட்டை வாங்கி வச்சிருந்தேன்."

"ஓட்டைய மறைக்கிறது சுத்தமான வேலையா? நீங்களே சொல்லுங்க."

ரெஜினா எழுந்தார். பங்களாவில் இருந்த எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார். முதலாளி வந்தார். சமையல்காரரும் தோட்டக்காரரும் வந்தார்கள். ஒச்சம்மாள் மூட்டையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

ரெஜினா சிறிய ரம்பத்தை எடுத்துக் கல்லை ஒட்டிப் பலகையை ஒரு விரல் அகலம் அறுத்தார். கடைசிச் சில்லு தெறித்தது.

டமாரென்று தரை விழுந்தது.

சமையல்காரர் சுவரோரம் பாய்ந்தார். முதலாளியின் வாய் திறந்தபடி நின்றது. இரண்டு வாரமாக எழும்பியிருந்த தரை, மேசைபோல் மட்டமாகக் கிடந்தது. எவரும் அதைத் தொடவில்லை.

"மழைக்காலத்துல இந்தப் பலகை விரியும்," என்றார் ரெஜினா. "போக இடமில்ல. எழும்பிருச்சு."

"அப்போ இத இப்படி முடிச்சது யாரு?" என்றார் முதலாளி. "அது தெரியாம இந்தம்மாவ நான் திரும்பச் சேத்துக்க மாட்டேன்."

ரெஜினா கல்லோரத்துப் பலகையை நெம்பி எடுத்துத் திருப்பினார். தான் முடித்த இடத்தில், கடைசிப் பலகையின் அடியில் ஆள் தன் பெயரை எழுத வேண்டும். அது அவரிடம் வேலை செய்பவர்களின் வழக்கம். பென்சில் எழுத்து அழியாமல் இருந்தது.

சவரிராயன் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டார். அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மேஸ்திரி, வேணாம். நான் தெரிஞ்சு பண்ணல. ஐம்பது வயசுக்கு மேல எனக்கு வேற எவன் வேலை தருவான்? கடைக்காரன் மேல போட்டுருவோம். அவனுக்கு இது ஒண்ணும் பெருசில்ல."

ரெஜினா பலகையை அவர் கையில் கொடுத்தார்.

"படிங்க."

சவரிராயன் பலகையைப் பார்த்தார். ஆயிரம் பேருக்கு நடுவில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசிய தொண்டை அது. உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கலண்ணே," என்றாள் வாசற்படியில் நின்ற ஒச்சம்மாள்.

"அவங்களுக்குக் கேக்கலையாம்," என்றார் ரெஜினா.

சவரிராயன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்தோணி மகன் சவரிராயன்."